ஆறுகளும் ஊர்களும் – 12: கோந்த்ரியூவின் கொடி

1968இல் வெளியான பிரெஞ்சு வேளாண்மைக் கணக்கெடுப்பில், எந்தத் திராட்சை எவ்வளவு நிலத்தில் விளைகிறது என்று ரகவாரியாகப் பட்டியலிட்டிருந்தார்கள். வியோனியே என்ற வெள்ளைத் திராட்சைக்கு நேராக இருந்த எண் 14. பதினாலே ஹெக்டேர், ஏறத்தாழ 35 ஏக்கர். ஏதோ ஒரு மாவட்டத்துக்கான கணக்கு அல்ல இது, பிரான்ஸ் முழுமைக்குமானது. அன்றைக்கு வேறு நாடுகளில் அந்தக் கொடியைச் சீந்துவாரில்லை. ஆகவே உலகத்துக்கே அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த 35 ஏக்கரில் பெரும்பகுதி ரோன் ஆற்றின் வலக்கரையில், கோந்த்ரியூ என்ற சிற்றூரையும் அதன் அக்கம்பக்கத்து ஊர்களையும் ஒட்டிய சில மலைச்சரிவுகளில் துண்டு துண்டாகக் கிடந்தது.

இந்த வாரம் அந்த ஊருக்குப் போவோம். ரோன் ஆற்றங்கரையில் கோந்த்ரியூவைவிடப் பெரிய ஊர்களும், அழகான ஊர்களும் உண்டு. ஆனால் ஒரு கொடியை அழிவின் விளிம்பிலிருந்து மீட்ட ஊர் என்று எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அந்தக் கதையை அவசரப்படாமல் சொல்ல விரும்புகிறேன்.

லியோன் நகரத்திலிருந்து ஆற்றோடு தெற்கே வந்தால் முதலில் வியென். ரோமானியர் காலத்திலேயே பேர்பெற்ற நகரம் அது. அதையும் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் கோந்த்ரியூ. நாலாயிரம் பேர் அளவிலான ஊர். பின்னால் பிலா மலைத்தொடர், முன்னால் ஆறு, நடுவில் ஒடுங்கிய ஒரு தரைத்துண்டு. வீடுகளும் தேவாலயமும் கடைத்தெருவும் அந்தத் துண்டுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஊருக்கு மேலே இடிந்த கோட்டையின் கோபுரம் தெரியும். லியோன் பேராயர்கள் இந்த ஊரை ஆண்ட காலத்தின் மிச்சம் அது.

வடக்கிலிருந்து வரும் ரோன் வியென் தாண்டியதும் கொஞ்சம் தென்மேற்காகத் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தால் வலக்கரை மலைச்சரிவுகள் தெற்கையும் தென்கிழக்கையும் பார்த்தபடி அமைந்துவிட்டன. காலை வெயில் நேராகச் சரிவில் விழும், வடகாற்றை மலையின் தோள் தடுத்துக்கொள்ளும். கோந்த்ரியூவின் ஒயினுக்கு மூலகாரணம் ஆற்றின் இந்தச் சிறு வளைவுதான். ரோமானியர் காலத்து உழவர்களும் இதைக் கண்டுகொண்டிருந்தார்கள். வியென் பகுதித் திராட்சையைப் பற்றியும், கீல் வாசம் வீசும் அதன் ஒயினைப் பற்றியும் முதல் நூற்றாண்டில் பிளினி எழுதிவைத்திருக்கிறார்.

ஒயின் என்றதும் நம்மில் பலருக்குக் கடை வாசலும் கண்ணாடிப் புட்டியும்தான் நினைவுக்கு வரும். கோந்த்ரியூவில் அது முதலில் ஓர் உழவுத் தொழில். மண், கவாத்து, மழை, பூச்சி, கூலியாள், கடன் என்று எல்லா உழவரும் பேசுகிற பேச்சுத்தான் அங்கேயும். அந்தக் கண்ணோடு படித்தால் இந்த ஊர் நமக்கு அந்நியமாகத் தோன்றாது.

*

உழவு ஊராவதற்கு முன்பே, பெரும்பாலும் அதைவிட அழுத்தமாக, கோந்த்ரியூ படகோட்டிகளின் ஊர். மத்தியதரைக்கடல் ஓரத்து உப்பளங்களிலிருந்து உப்பு ஆற்றில் ஏறி வந்தது. பட்டு, தானியம், இரும்பு, ஒயின் எல்லாம் ஆற்றில் இறங்கிப் போயின. உப்பு அன்று அரசுக்குப் பெரும் வருவாய். கபேல் என்ற உப்பு வரியின் பெயரைத் தாங்கிய 16ஆம் நூற்றாண்டு வீடு ஒன்று, சிற்ப வேலைப்பாடுள்ள முகப்போடு இன்றும் ஊருக்குள் நிற்கிறது. இவ்வளவு சின்ன ஊரில் இவ்வளவு செழிப்பான முகப்பா என்று அதன் முன் நிற்பவர் வியக்கக்கூடும். ஆறு கொண்டுவந்து சேர்த்த பணம் அது.

ரோன் வேகமான ஆறு. பனி உருகும் காலத்தில் கட்டுக்கடங்காது. லியோனிலிருந்து தெற்கே போக்கேர் சந்தைக்கு இறங்க மூன்று நான்கு நாட்கள் போதும். ஏறி வருவதுதான் பாடு. பல படகுகளைத் தடித்த கயிறுகளால் ஒன்றோடொன்று பிணைத்து, கரையிலிருந்து குதிரைகள் இழுக்க வேண்டும். இருபது முப்பது குதிரைகள், பெரிய கூட்டமென்றால் அதற்கும் மேல். மேலேறி வர ஒரு மாதம்கூட ஆகும். வெள்ளம் வந்தாலோ வடகாற்று வீசினாலோ நடுவழியில் நாட்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

அந்தப் படகோட்டிகள் இடக்கரை, வலக்கரை என்று சொல்வதில்லை. இடக்கரைக்குப் பேரரசு, வலக்கரைக்கு அரசு. இடைக்காலத்தில் ரோனின் கிழக்குக் கரை புனித ரோமப் பேரரசைச் சேர்ந்தது, மேற்குக் கரை பிரெஞ்சு மன்னருடையது. அந்த எல்லை மறைந்து பல நூறு ஆண்டுகள் ஆன பிறகும், படகைக் கிழக்கே திருப்ப வேண்டுமென்றால் பேரரசுப் பக்கம் திருப்பு என்றே குரல் கொடுத்தார்கள். அந்தக் கணக்கில் கோந்த்ரியூ அரசுப் பக்கத்து ஊர், அக்கரையிலுள்ள லே ரோஷ் பேரரசுப் பக்கத்து ஊர்.

புரோவான்சு மொழிக் கவிஞர் ஃபிரெடரிக் மிஸ்திரால் 1904இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் 1897இல் ரோன் ஆற்றைப் பற்றி ஒரு நெடுங்கவிதை வெளியிட்டார். அதன் நாயகர்கள் அரசர்களோ வீரர்களோ அல்லர், கோந்த்ரியூவின் படகோட்டிகள். படகுத்தலைவர் அப்பியான் தன் படகுகளோடு போக்கேர் சந்தைக்கு இறங்குகிறார். திரும்பி வரும்போது எதிரே வருகிறது ஒரு நீராவிப் படகு. அதன் பெயர் முதலை. அத்தோடு அப்பியானின் படகுக் கூட்டம் சிதைகிறது. எல்லாவற்றையும் இழந்த கோந்த்ரியூக்காரர்கள் கரையோரமாக நடந்தே ஊர் திரும்புகிறார்கள். கவிதையில் நடப்பதுதான் நிஜத்திலும் நடந்தது. 1829இல் ரோனில் நீராவிப் படகுப் போக்குவரத்துத் தொடங்கியது. 1855இல் லியோனுக்கும் வாலான்சுக்கும் இடையே எதிர்க்கரையில் ரயில் ஓடத் தொடங்கியதும் ஆற்றுச் சரக்கு வற்றியது. பல தலைமுறை பழகிய தொழில் ஒரே தலைமுறைக்குள் முடிந்துபோயிற்று.

அந்த வாழ்க்கையில் எஞ்சியிருப்பது ஒரு விளையாட்டு. கோடையில் இரண்டு படகுகள் ஒன்றை நோக்கி ஒன்று துடுப்பு வலித்து வரும். ஒவ்வொன்றின் பின்முனையிலும் உயர்ந்த ஒரு மேடை. அதில் நெஞ்சுக்கவசம் அணிந்து நீண்ட ஈட்டிக்கழியோடு ஒருவர் நிற்பார். படகுகள் கடக்கும் நொடியில் கழிகள் கவசத்தில் பாய, ஒருவர் தண்ணீரில் விழுவார். கோந்த்ரியூவிலும் லே ரோஷிலும் இதற்கென்றே சங்கங்கள் இருக்கின்றன. சுற்றுலாக்காரர்களுக்காக இட்டுக்கட்டிய வேடிக்கை அல்ல இது. தாத்தாவும் அப்பாவும் ஆடியதை இன்று பேரன் ஆடுகிறான்.

*

படகு போயிற்று, மலைச்சரிவு மிஞ்சியது. அதன் நல்ல காலமும் நீடிக்கவில்லை.

1787 மார்ச்சில் தாமஸ் ஜெஃபர்சன் இந்த வழியாகத் தெற்கே பயணம் செய்தார். அப்போது அவர் பிரான்சுக்கான அமெரிக்கத் தூதர். பின்னாளில் குடியரசுத் தலைவர். ஆம்ப்வி பக்கம் சிறந்த சிவப்பு ஒயின் விளைகிறது, கோந்த்ரியூவை ஒட்டிச் சிறந்த வெள்ளை விளைகிறது என்று குறித்துக்கொண்டார். இன்றும் அந்தப் பாகுபாடு அப்படியே இருக்கிறது. வடக்கே ஆம்ப்வியில் கோத் ரோத்தி என்ற சிவப்பு, தெற்கே கோந்த்ரியூவில் வியோனியே மட்டும் கொண்டு செய்யும் வெள்ளை.

அடுத்த நூற்றாண்டில் வந்தது ஃபிலோக்செரா. அமெரிக்கக் கொடிகளோடு கடல் கடந்து வந்த, வேரை உறிஞ்சும் சிறு பூச்சி. 1863இல் ரோன் பள்ளத்தாக்கின் தெற்கே முதலில் தென்பட்டு, ஆற்றோடு வடக்கே ஏறியது. கொடிகள் நின்ற நிலையில் காய்ந்தன. அமெரிக்கக் கொடியின் வேர்த்தண்டில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டினால் பூச்சியைத் தாங்கும் என்று பின்னர் கண்டுபிடித்தார்கள். ஆனால் அதற்கு மலை முழுவதையும் தோண்டிப் புதிதாக நட வேண்டும். சமவெளிக்காரர்கள் நட்டார்கள். செங்குத்துச் சரிவில் மறுபடி நடப் பலருக்குத் தெம்பில்லை. அடுத்து முதல் உலகப்போர் வந்து இளைஞர்களை வாரிக்கொண்டு போயிற்று. அந்தப் போர்க்காலத்திலேயே அக்கரையில், ரூசியோனில், ரசாயனத் தொழிற்சாலைகள் முளைத்தன. மாதச் சம்பளம், ஞாயிறு விடுமுறை. மலையில் முதுகொடிய உழைத்து, ஆண்டு முடிவில் ஏதாவது மிஞ்சுமா என்று பார்த்துக்கொண்டிருந்த இளைஞன் பாலம் தாண்டிப் போனதில் என்ன வியப்பு? போகாமல் இருந்தவர்களும் ஆற்றோரச் சமதரையில் ஆப்ரிகாட்டும் காய்கறியும் போட்டார்கள். லியோன் சந்தையில் அவை உடனே காசாயின. அந்த மனிதர்கள்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டியிருந்தது, போட்டார்கள்.

கைவிட்ட சரிவுகளில் முள்ளும் புதரும் ஏறின. கல்சுவர்கள் சரிந்தன.

*

அந்தச் சுவர்களைப் பற்றி நின்று பேச வேண்டும். கோந்த்ரியூவின் சரிவுகள் சில இடங்களில் ஏணி போலச் செங்குத்தானவை. அவற்றில் படிப்படியாகத் தட்டு அமைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் கல்லடுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். சுண்ணாம்பும் இல்லை, சிமென்ட்டும் இல்லை. கல்லின் முகம் பார்த்து, எடை பார்த்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பூட்டுவதுதான். இடுக்கு வழியாக மழைநீர் கசிந்து போகும். பூசிய சுவர் தண்ணீரைத் தேக்கிக்கொண்டு ஒருநாள் வெடிக்கும், பூசாத சுவர் நூறு ஆண்டு நிற்கும். காரையில்லாமல் கல்லடுக்கும் இந்தக் கலையை 2018இல் யுனெஸ்கோ மானுடத்தின் மரபுச்செல்வப் பட்டியலில் சேர்த்தது. பிரான்சோடு குரோஷியா, கிரீஸ், இத்தாலி, ஸ்பெயின் முதலான நாடுகளும் அதில் பங்காளிகள்.

தட்டுகள் குறுகலானவை. சிலவற்றில் இரண்டு மூன்று வரிசைக் கொடிகளுக்கே இடம். டிராக்டர் ஏறாது. ஒவ்வொரு கொடிக்கும் ஊன்றுகோல் நட்டுக் கட்ட வேண்டும். கவாத்து, களை, மருந்து, அறுவடை எல்லாம் கையால்தான். இப்போது சில இடங்களில் கம்பிவட இழுவைப் பொறி வந்திருக்கிறது, சிலர் குதிரை பூட்டி உழுகிறார்கள். ஆனால் அடிப்படையில் இது இன்றும் காலும் முதுகும் செய்கிற வேலை.

மண்ணுக்கு அங்கே அர்ஸெல் என்று பெயர். கருங்கல் சிதைந்து, அபரகம் மினுங்கும் பொடியாகிப் பாறைமேல் மெல்லிய போர்வையாய்ப் படர்ந்திருக்கும். வெயிலின் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும், தண்ணீரைத் தேக்காது. கொடி தண்ணீர் தேடிப் பாறை வெடிப்புக்குள் வேரை இறக்கும். வியோனியேவின் குணம் அந்த மண்ணில்தான் துலங்குகிறது என்பது அவ்வூர்க்காரர்களின் உறுதியான நம்பிக்கை. பலத்த மழை பெய்தால் அந்த மண் கீழே அடித்துக்கொண்டு போய்விடும். மழை விட்டதும் அதைக் கூடையில் அள்ளி, முதுகில் சுமந்து, மறுபடி மேலே கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அப்பன் கொட்டிய மண் மகன் காலத்தில் இறங்கும், மகன் அதைச் சுமந்து ஏற்றுவான். கோந்த்ரியூவின் ஒயினுக்கு விலை ஏன் அதிகம் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேர்மையான பதில் கிடையாது.

இத்தனை பாட்டுக்கும் ஏற்ற பயிரா வியோனியே? இல்லை. அது அடம்பிடிக்கும் கொடி. ஜூன் தொடக்கத்தில் பூக்கும் நேரம் குளிரோ ஈரக்காற்றோ பட்டால் பூ காய் பிடிக்காமல் உதிர்ந்துவிடும். நல்ல ஆண்டிலும் விளைச்சல் சொற்பம். பழத்துக்கு மணம் ஏறுவது பழுக்கும் பருவத்தின் கடைசி நாட்களில்தான். அதே நாட்களில் புளிப்பு வேகமாக இறங்கும். நாலு நாள் முந்திப் பறித்தால் மணமில்லாத ஒயின், நாலு நாள் பிந்தினால் உப்புச்சப்பில்லாமல் தடித்த ஒயின். உழவர் தினமும் தோட்டத்தைச் சுற்றி, பழத்தை வாயில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சரியாக அமைந்துவிட்டால் ஆப்ரிகாட், பீச், வயலட் பூ எல்லாம் சேர்ந்து மணக்கும். கலப்படமோ வாசனைச் சரக்கோ கிடையாது. பழத்துக்குள்ளேயே இருக்கும் மணம் அது.

அந்தக் காலத்தில் கோந்த்ரியூ ஒயின் பெரும்பாலும் அரை இனிப்பாக இருந்தது. நொதித்தல் முழுதாக முடியும் முன்பே நிறுத்தி, அந்தக் குளிர்காலத்திலேயே விற்றுவிடுவார்கள். லியோன் உணவகங்களில் குடித்துத் தீர்ந்துவிடும். இன்று செய்வது அநேகமாக இனிப்பில்லாத ஒயின். முழுதாக நொதித்து, எஃகுத் தொட்டியிலோ மரப்பீப்பாயிலோ சில மாதம் வண்டலோடு ஊறி, பிறகு புட்டிக்குப் போகிறது. மரபு மாறிவிட்டதே என்று வருந்துவோர் உண்டு. இந்த மாற்றம் வராமல் இருந்திருந்தால் கோந்த்ரியூ தன் சந்தையை மீட்டிருக்க முடியாது என்றே நான் நினைக்கிறேன்.

*

இங்கேதான் ஜார்ஜ் வெர்னே வருகிறார். 1926இல் பிறந்தவர். தந்தை பிரான்சிஸ் வெர்னே, சுற்றியிருந்தவர்கள் மலையை விட்டு இறங்கிய காலத்தில் சரிவில் வியோனியே நட்டவர். 1953இல் ஜார்ஜ் அந்த நிலத்தை ஏற்றார். அன்றைய கணக்கில் அது அறிவுள்ள முடிவே அல்ல. ஊரே காய்கறிக்கும் தொழிற்சாலைக்கும் போய்க்கொண்டிருந்தது. வெர்னேயும் வயிற்றுப்பாட்டுக்குப் பழமும் காய்கறியும் விளைவித்து விற்றவர்தான். ஆனால் கொடியைப் பிடுங்கவில்லை. மாறாக, முள்மண்டிய தட்டுகளைத் திருத்தினார், விழுந்த சுவர்களை எடுத்துக்கட்டினார், கொடியை நட்டுக்கொண்டே போனார். கோந்த்ரியூ ஒயின் உழவர் சங்கத்துக்குச் சுமார் முப்பது ஆண்டு தலைமை தாங்கினார். தன் சரிவு பிழைத்தால் போதாது, ஊர்ச் சரிவுகள் எல்லாம் பிழைக்க வேண்டும் என்று அண்டை வீட்டாரையும் நடச் சொன்னார். கோந்த்ரியூவின் போப்பாண்டவர் என்று பிரெஞ்சு ஒயின் உலகம் அவரை அன்போடு அழைத்தது. 2017இல் காலமானார். அதற்கு இருபது ஆண்டு முன்பே, பாரிசில் மொழி ஆசிரியையாக இருந்த மகள் கிறிஸ்தீன் ஊர் திரும்பித் தோட்டத்தை ஏற்றிருந்தார்.

வெர்னே தனியாளாக இதைச் சாதித்தார் என்று எழுதினால் அது பாதி உண்மைதான். அரசின் சட்டம் ஒரு பக்கம் துணை நின்றது. ஓர் ஊரின் பெயரை அந்த ஊர் ஒயினுக்கு மட்டுமே உரியதாக்கும் முறை பிரான்சில் 1935இல் சட்டமானது. 1940இல் கோந்த்ரியூவுக்கு அந்த உரிமை கிடைத்தது. பக்கத்திலேயே மலை குடைந்த அரைவட்ட அரங்கு போல ஒரு சரிவு இருக்கிறது, ஷாத்தோ கிரியே. ஏறக்குறைய மூன்றரை ஹெக்டேர், ஒரே உடைமையாளர், வியோனியே மட்டும். அதற்கு 1936இலேயே தனிப்பெயர் உரிமை. நாட்டின் மிகச் சிறிய பெயர்களில் ஒன்று அது.

இன்னொரு துணை வியென் நகரத்திலிருந்து வந்தது. அங்கே ஃபெர்னான் புவான் நடத்திய லா பிரமீத் உணவகம் 1933இல் மிஷ்லான் மூன்று நட்சத்திரம் பெற்றது. போல் போக்கூஸ் போன்ற பின்னாளைய சமையல் மேதைகள் பயின்ற அடுக்களை அது. புவான் தன் விருந்தினருக்கு உள்ளூர் ஒயினைப் பெருமையோடு ஊற்றிக் கொடுத்தார். உலகப் பிரமுகர்கள் வந்துபோகும் மேசையில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி விளைந்த ஒயின் இடம்பெற்றது. விற்பனை அளவில் அது பெரிதல்ல. ஆனால் மலையில் மண் சுமந்துகொண்டிருந்த சிலருக்கு, தாங்கள் செய்வது வீண் வேலை அல்ல என்ற தெம்பைக் கொடுத்தது.

1980களில் காற்று திசை மாறியது. கோத் ரோத்தியின் சிவப்பு ஒயின்கள் உலகச் சந்தையில் பெயர் வாங்கின. அந்தச் சிவப்பிலும் வியோனியேவுக்குப் பங்குண்டு. சிரா என்ற கருந்திராட்சையோடு இருபது விழுக்காடு வரை வியோனியேவைச் சேர்த்து நொதிக்கவைக்க விதி இடம் தருகிறது. பொதுவாக அதைவிடக் குறைவாகத்தான் சேர்ப்பார்கள். வெள்ளைத் திராட்சையைச் சேர்த்தால் சிவப்பின் நிறம் மங்குவதற்குப் பதிலாக நிலைக்கிறது, மணமும் கூடுகிறது. பிற்பாடு மரபணு ஆய்வுகள் ஓர் உறவையும் வெளிப்படுத்தின. சிராவின் தாய், சவோய் பகுதியின் மோந்தூஸ் பிளாஞ்ச். வியோனியேவுக்கும் அதே மோந்தூஸ் பிளாஞ்சோடு பெற்றோர்–பிள்ளை உறவு. ரோமப் பேரரசர் புரோபஸ் மூன்றாம் நூற்றாண்டில் டால்மேஷியாவிலிருந்து வியோனியேவைக் கொண்டுவந்தார் என்று இந்தப் பக்கத்தில் ஒரு பழங்கதை உண்டு. கொடியின் மரபணு அதற்கு ஒத்துவரவில்லை. அது இந்த வட்டாரத்துப் பிள்ளை.

பெயர் வந்ததும் நடுபவர்கள் கூடினார்கள். மலையுச்சிச் சமதளத்திலும் நட்டு, அதையும் கோந்த்ரியூ என்று விற்கும் ஆசை வந்தது. அந்த நேரத்தில் எடுத்த ஒரு முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். 1986இல் எல்லையை மறுபடி வரைந்தபோது, 300 மீட்டர் உயரத்துக்கு மேலுள்ள நிலத்துக்கு அந்தப் பெயர் கிடையாது என்று வகுத்தார்கள். மேட்டுச் சமதளத்தில் உழுவது எளிது, செலவும் குறைவு. அங்கே அந்த வெயிலும் இல்லை, அந்த மண்ணும் இல்லை. கஷ்டமான சரிவுக்குத்தான் பெயர் என்று உறுதியானதால், சுவரைக் கட்டுபவனுக்கு அதன் பலன் கிடைத்தது.

அடுத்த தலைமுறையில் ஈவ் குய்யெரோன், பியேர் கையார், பிரான்சுவா வியார் போன்றவர்கள் வந்தார்கள். இம்மூவரும் 1990களில் வியென்னுக்கு வடக்கே, எதிர்க்கரையிலுள்ள செய்சுவெல் சரிவைத் திருத்தி நட்டார்கள். ஒருகாலத்தில் புகழோடிருந்து, ஃபிலோக்செராவுக்குப் பிறகு பாழாய்க் கிடந்த சரிவு அது. கோந்த்ரியூ பெயருக்குரிய நிலம் இன்று ஏழு ஊர்களில் சுமார் 200 ஹெக்டேர். தெற்குப் பிரான்சில் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் வியோனியே விளைகிறது. ஆஸ்திரேலியாவின் யலம்பா பண்ணை 1980இல் அதை நட்டது, கலிஃபோர்னியாவும் அந்தப் பத்தாண்டில் கைவைத்தது. நம் பக்கத்தில், பெங்களூருக்கு வடக்கே நந்தி மலையடிவாரத்துத் தோட்டங்களுக்கும் அது வந்து சேர்ந்துவிட்டது. அரை நூற்றாண்டுக்கு முன் 35 ஏக்கரில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த கொடி இது.

*

இன்றைய கோந்த்ரியூவை அஞ்சலட்டைப் படமாக நினைத்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. அணைகளும் கால்வாய்களும் கட்டிய பிறகு ரோன் பழைய ரோன் அல்ல. வேகம் அடங்கி, அகன்று, பல இடங்களில் ஏரி போல நிற்கிறது. தெற்கே சில கிலோமீட்டரில், எதிர்க்கரையில், 1980களில் மின்சாரம் தரத் தொடங்கிய சேன்தால்பான் அணுமின் நிலையம். ரூசியோன் ரசாயன ஆலைகளின் புகைபோக்கிகளைத் திராட்சைச் சரிவிலிருந்தே பார்க்கலாம். சாலையில் லாரிகள் ஓயாது. அழகைக் கெடுக்கிறது என்று பயண நூல்கள் முணுமுணுக்கின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆறு எப்போதும் இந்தப் பள்ளத்தாக்கின் வேலைத்தளமாகவே இருந்திருக்கிறது. படகுக்கும் குதிரைக்கும் பதில் இப்போது உலைகளும் லாரிகளும். அவற்றுக்கு நடுவே மலை உழவும் பிழைத்திருக்கிறது என்பதுதான் இந்த ஊரின் சிறப்பு.

கவலைக்கு வேறு காரணம் இருக்கிறது. கோடைகள் சூடேறிவருகின்றன, அறுவடை முன்னுக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஏற்கெனவே புளிப்புக் குறைவான வியோனியேவுக்குச் சூடான செப்டம்பர் நல்லதல்ல. குளிர்காலம் இளஞ்சூடாக இருந்தால் கொடி சீக்கிரம் துளிர்க்கும், துளிர்த்தபின் பனி விழுந்தால் கருகும். 2021 ஏப்ரலில் பிரான்சின் திராட்சை வட்டாரங்கள் பலவற்றைப் போல ரோன் பள்ளத்தாக்கும் அப்படி அடிவாங்கியது. நிழல் தரும்படி இலையை விட்டுவைப்பது, விடியலுக்கு முன்னால் பறிப்பது, வரிசைக்கு நடுவே புல் வளர்ப்பது என்று உழவர்கள் வழி தேடுகிறார்கள். 300 மீட்டர் எல்லையைக் கொஞ்சம் உயர்த்தலாமா என்ற பேச்சு ஒருநாள் எழுந்தே தீரும். சூடு கூடும்போது குளிர்ந்த மேட்டுக்குப் போக நினைப்பது இயல்பு. ஆனாலும் அந்தக் கோட்டை அழிக்கக் கூடாது என்பதே என் கருத்து. மேட்டில் நடட்டும், அதற்கு வேறு பெயர் வைக்கட்டும். சரிவைக் காப்பாற்றிவருவது அந்தப் பெயர்தான். பெயர் மேட்டுக்கு ஏறினால், செலவு கூடிய சரிவு மறுபடி முள்ளாகிவிடும்.

வாசகர்களில் யாராவது லியோன் பக்கம் போக நேர்ந்தால் ஒரு நாளை இந்த ஊருக்கு ஒதுக்குங்கள். லியோனிலிருந்து தெற்கே போகும் உள்ளூர் ரயிலில் ஏறி, சேன் கிளேர் – லே ரோஷ் நிலையத்தில் இறங்கி, பாலத்தால் ஆற்றைக் கடந்தால் கோந்த்ரியூ. சைக்கிளில் வருவோருக்கு, ஜெனீவா ஏரியிலிருந்து மத்தியதரைக்கடல் வரை ஆற்றையொட்டி ஓடும் வியா ரோனா பாதை இருக்கிறது. ஒயின் குடிக்காதவர்களுக்கும் அங்கே சுவைக்க ஒன்று உண்டு. ரிகோத் என்னும் சின்னஞ்சிறு ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டு. பிலா மலை ஆடுகளின் பச்சைப்பாலில் செய்வது. 2009இல் அதுவும் கோந்த்ரியூவின் பெயருக்கான உரிமையைப் பெற்றது. மே முதல் நாளன்று ஒயினுக்கும் ரிகோத்துக்கும் சேர்த்து ஊரில் விழா எடுக்கிறார்கள்.

விழா நாளோ வெறும் நாளோ, சுவைக்கூடத்தோடு திரும்பிவிடாதீர்கள். ஊருக்குப் பின்னால் ஏறும் பாதையில் ஒரு மணி நேரம் நடந்து தட்டுகளைப் பாருங்கள். சுவர்மேல் மட்டும் கால் வைக்க வேண்டாம். ஒரு கல் பெயர்ந்தால் அதை எடுத்துக்கட்ட ஓர் உழவருக்கு அரை நாள் போகும். தோட்டத்துக்குள் நுழையும் முன் கேட்டுவிட்டு நுழையுங்கள். அறுவடை நடக்கும் ஆகஸ்ட் இறுதி, செப்டம்பர் வாரங்களில் பல பண்ணைகளில் விருந்தினரைக் கவனிக்க ஆளிருக்காது. மே, ஜூன் மாதங்களே ஏற்ற காலம்.

(தொடரும்)